துணி விற்று ஊர் கட்டிய ஓவியர்

கோயம்புத்தூர் என்றதும் பஞ்சாலையும் சிறுவாணித் தண்ணீரும் நம் நினைவுக்கு வரும். ஓவியம் வராது. ஆனால் இந்திய ஓவிய வரலாற்றைப் புரட்டினால், தென்னாட்டுப் பகுதியில் கட்டாயம் இடம்பெறும் ஒரு பெயருக்கு அருகே பிறந்த ஊர் கோயம்புத்தூர் என்று எழுதியிருக்கும். அவர்தாம் கே. சி. எஸ். பணிக்கர். பிறந்த நாள் 31 மே 1911. நம் திருப்பூரும் 2009-இல் தனி மாவட்டம் ஆகும்வரை கோவை மாவட்டத்தைச் சேர்ந்ததுதானே! அந்த வகையில் அவரை நம் மண்ணில் பிறந்தவர் என்று சொல்லிக்கொள்ள நமக்குச் சிறிது உரிமை உண்டு. வளர்ந்தது கேரளம், வாழ்ந்தது சென்னை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இவரைப் பற்றி எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. வரைவதில் கெட்டிக்காரியான ஒரு மாணவியின் நோட்டுப் புத்தகத்தைப் பெற்றோரிடம் காட்டிப் பாராட்டினால், முதலில் மகிழ்ச்சி அடைவார்கள். அடுத்த நிமிடமே, "படம் போட்டா சோறு வருமா, டீச்சர்?" என்று கேட்பார்கள். இதைக் கேட்டு நாம் முகம் சுளிக்கக் கூடாது. பனியன் கம்பெனியில் பீஸ் கணக்கில் கூலி வாங்கி, வாரக் கடைசியில் அரிசிக் கடைக்கும் வீட்டு வாடகைக்கும் பிரித்துக் கொடுக்கும் குடும்பத்திற்கு அது நியாயமான கேள்வி. பணிக்கர் அவர்கள் தம் வாழ்நாளில் பாதியை இந்தக் கேள்விக்கே செலவிட்டார். அதற்கு அவர் கண்ட விடையில் நமக்கு மிகவும் பழக்கமான பொருள் ஒன்று இருக்கிறது. துணி!

அதற்குமுன் பிரான்சு நாட்டுக்கு ஒருமுறை போய் வருவோம். வயலில் ஓர் உழவரும் அவர் மனைவியும் தலைகுனிந்து நிற்கும் படத்தை மாணவியரில் பலர் பார்த்திருப்பீர்கள். கன்னியர் மடங்களின் வரவேற்பறைகளிலும் பழைய செபப் புத்தகங்களின் உள்ளேயும் அது இருக்கும். மாலை வெளிச்சம் மங்குகிறது. தரையில் குத்தி நிற்கும் கவைமுள், கூடையில் சில உருளைக்கிழங்குகள், பின்னால் மூட்டை ஏற்றிய ஒற்றைச் சக்கர வண்டி; அடிவானத்தில் சின்னதாக ஒரு கோயில் கோபுரம். அங்கிருந்து வரும் மணியோசை கேட்டு இருவரும் மூவேளைச் செபம் சொல்கிறார்கள். 1857-க்கும் 1859-க்கும் இடையில் இதை வரைந்தவர் ழான் பிரான்சுவா மிலே. நார்மண்டியில் ஒரு குடியானவர் குடும்பத்தில் 1814-இல் பிறந்தவர். பாரிசு நகரம் அவருக்கு ஒத்துவரவில்லை. 1849-இல் குடும்பத்தோடு பார்பிசோன் என்ற சிற்றூருக்குப் போய், 1875-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்து, விதைப்பவரையும் கதிர் பொறுக்கும் பெண்களையும் ஆடு மேய்க்கும் சிறுமியையும் வரைந்தார். வயலில் வேலை செய்யும்போது மணி அடித்தால் தம் பாட்டி வேலையை நிறுத்திவிட்டு இறந்தோருக்காகச் செபிக்கச் சொல்வார் என்றும், அந்த நினைவிலிருந்தே இந்தப் படம் பிறந்தது என்றும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

பார்பிசோனில் மிலே தனியாக இல்லை. தியோடர் ரூசோ முதலிய ஓவியர்கள் அந்தக் காட்டோரத்தில் கூடி வாழ்ந்தார்கள். நகரத்தை விட்டு விலகி, வாடகை குறைந்த ஓர் ஊரில், ஒருவர்க்கொருவர் துணையாக ஓவியர்கள் சேர்ந்து வாழ்வது என்ற வழக்கம் ஐரோப்பாவில் அங்கிருந்துதான் பரவியது எனலாம். மிலேக்குப் பிள்ளைகள் ஒன்பது பேர். வறுமை அவரை விட்டு அகலவே இல்லை. செபிக்கும் உழவரின் படம் அவர் கையை விட்டுப் போனபோது கிடைத்தது ஏறக்குறைய 1,000 பிராங்கு. அவர் இறந்து 14 ஆண்டுகள் கழித்து, 1889-இல் அதே படம் ஏலத்தில் 5 லட்சம் பிராங்குக்கு மேல் போயிற்று. அதில் ஒரு காசுகூட மிலேயின் குடும்பத்துக்குச் சேரவில்லை. இந்த அநியாயம் ஊர்ப் பேச்சாகி, ஓர் ஓவியம் மறுபடி விற்கப்படும்போதெல்லாம் ஓவியருக்கோ அவர் வாரிசுக்கோ ஒரு பங்கு தரவேண்டும் என்று 1920-இல் பிரான்சில் சட்டம் வந்தது. நம் நாட்டிலும் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தத்தின் மூலம் இதே போன்ற ஓர் உரிமை சேர்க்கப்பட்டது. 10,000 ரூபாய்க்கு மேல் போகும் மறுவிற்பனையில், 10 சதவீதத்துக்கு மிகாத பங்கு. ஓவியம் வரையும் பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பிரான்சிலிருந்து பணிக்கருக்கு வரும் வழி வின்சென்ட் வான்கோ மூலமாக அமைகிறது. வான்கோ மிலேயைத் தம் ஆசானாகவே எண்ணினார். 1889, 1890 ஆகிய ஆண்டுகளில், நோயுற்று மருத்துவ விடுதியில் இருந்தபோது, மிலேயின் படங்கள் பலவற்றைத் தம் வண்ணத்தில் திரும்ப வரைந்தார். அந்த வான்கோவின் அச்சுப் பிரதிகளைச் சென்னையில் பார்த்து மனம் பறிகொடுத்தவர்களில் ஒருவர் நம் பணிக்கர்.

அவருடைய சிறு வயது பொன்னானிக்கு அருகே வெளியங்கோடு என்னும் ஊரில் கழிந்தது. கோவையும் பொன்னானியும் அன்று ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தவை. கால்வாய், தென்னந்தோப்பு, வயல் வரப்பு, படகு என்று திரும்பிய பக்கமெல்லாம் பச்சையும் நீரும் உள்ள ஊர். 12 வயதிலேயே நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கிவிட்டார். 17 வயதில் அவருடைய படங்கள் சென்னைக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. அடுத்து நேரே ஓவியப் பள்ளிக்குப் போயிருப்பார் என்று நினைப்பீர்கள். இல்லை. தந்தையார் காலமானார். கல்லூரிப் படிப்பு நின்றது. குடும்பத்தைத் தாங்குவதற்காகத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். வரைவதற்குப் பிறந்த கை சில ஆண்டுகள் தந்தி அலுவலகத்தில் உழைத்தது.

1936-இல், 25-ஆம் வயதில், சென்னை அரசு ஓவிய, கைத்தொழில் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். படிப்பை இடையில் விட நேர்ந்த அக்காமார் நம் வீடுகளில் பலர் இருக்கிறார்கள். இந்த வயதை அவர்களிடம் சொல்லுங்கள்.

அந்தப் பள்ளியின் கதையும் சுவையானது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தொடங்கியது அது. நம் நாட்டுக் கைவினைஞருக்குப் பயிற்சி கொடுத்து நல்ல பொருள்கள் செய்விக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆகவே பல காலம் அங்கே உலோக வேலை, மர வேலை, மட்பாண்டம் ஆகியவற்றுக்குத்தான் முதலிடம். 1930-ஐ ஒட்டி வங்காளத்தைச் சேர்ந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமை ஏற்றார். அப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவரே. ஓவியமும் சிற்பமும் அவர் காலத்தில்தான் அங்கே தலை நிமிர்ந்தன. மெரினா கடற்கரையில் நால்வர் பெரும் பாறையை நெம்பி நகர்த்தும் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? 1959-இல் நிறுவப்பட்ட அந்தச் சிலை ராய் சௌத்ரியின் கைவண்ணம். நரம்பு புடைத்த அந்த முதுகுகளைப் பார்த்தால், மூட்டை தூக்குபவரின் முதுகை அவர் எத்தனை நாள் உற்றுப் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

பணிக்கர் 1940-இல் பயிற்சியை முடித்தார். அடுத்த ஆண்டே அங்கு ஆசிரியரானார். 1944-இல் நண்பர்களையும் மாணவர்களையும் சேர்த்து முற்போக்கு ஓவியர் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார். புகழ்பெற்ற பம்பாய் முற்போக்குக் கலைஞர் குழு 1947-இல்தான் தோன்றியது. சென்னை மூன்று ஆண்டு முந்திக்கொண்டது என்பதை வடக்கத்தி நூல்கள் பல சமயம் மறந்துவிடுகின்றன. நாமாவது நினைவில் வைப்போம்.

அக்காலத்து அவருடைய ஓவியங்கள் எவர்க்கும் விளங்கக்கூடியவை. முதலில் மலபார் நீர்நிலைகளும் மரங்களும், பிறகு மனிதர்கள். ஏழைகள், தாயும் சேயும், கூட்டமாக நிற்போர். வான்கோவைப் போலக் கனத்த கோடும் துணிந்த வண்ணமும் இவற்றில் தெரியும். 1950-களில் கிறிஸ்தவக் கருப்பொருள்களும் இடம்பெற்றன. மலைப்பொழிவின் பேறுகளுள் அமைதிக்காகப் பாடுபடுவோரைக் குறிக்கும் வாக்கையே தலைப்பாகச் சூட்டிய ஓவியம் ஒன்று; 'பாவி' என்று பெயரிட்ட ஓவியம் மற்றொன்று. நற்செய்தியை அவர் ஓவியனின் கண் கொண்டு படித்திருக்கிறார். துன்பப்படுவோர் பக்கம் நிற்கும் ஒரு மனிதரை அதில் கண்டிருக்கிறார்.

1954-இல் ஐரோப்பா சென்று, இலண்டனிலும் பாரிசிலும் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அச்சுப் பிரதியில் மட்டும் கண்டவற்றை நேரில் கண்டார். அங்கே போய் வந்த பலர் அங்குள்ளதைப் போலவே செய்யத் தொடங்கினார்கள். பணிக்கருக்கு நேர்ந்தது வேறு. 'நாம் என்ன, இவர்களுடைய நிழலாகவே இருந்துவிடுவதா? நம் நாட்டுக்கென்று ஒரு வரைமுறை இல்லையா?' என்ற கவலை அவரைப் பற்றிக்கொண்டது. அஜந்தாவைப் பார்த்து அப்படியே எழுதினாலும் அது பழையதற்கு நகல்; பாரிசைப் பார்த்து எழுதினாலும் நகல். நடுவில் வழி எங்கே? அதைக் கண்டுபிடிக்க அவருக்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதைப் பின்னால் சொல்கிறேன்.

1957-இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற, பணிக்கர் அந்தப் பள்ளியின் தலைவரானார். 1967 வரை அப்பொறுப்பில் இருந்தார். இப்போதுதான் அந்தச் சோற்றுக் கேள்வி அவர் மேசைமேல் வந்து உட்கார்ந்தது. ஆண்டுதோறும் தேர்ந்த மாணவர்கள் சான்றிதழோடு வெளியே போகிறார்கள். போய்? படம் வாங்குவார் யாரும் இல்லை. சென்னையில் ஓவியக் கூடங்களும் இல்லை. சிலர் விளம்பரப் பலகை எழுதப் போனார்கள். சிலர் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியரானார்கள். வேறு சிலர் எழுத்தர் வேலைக்குப் போய்த் தூரிகையைத் தொடுவதையே விட்டார்கள். நெசவாளர் சேவை மையம் சிலருக்குக் கை கொடுத்தது. சேலைக்கும் விரிப்புக்கும் புதுப் புது வடிவங்கள் அமைத்துத் தரும் அரசு நிறுவனம் அது. பின்னாளில் கோட்டோவியத்தில் பெரும் பெயர் எடுத்த கே. எம். ஆதிமூலம் அங்கே பணியாற்றியவரே.

பணிக்கர் யோசித்தார். படத்தை வாங்க ஆள் இல்லை. ஆனால் துணியை வாங்க எல்லாரும் இருக்கிறார்கள். ஓவியன் துணியில் வரைந்தால் என்ன? அந்தக் காசைக் கொண்டு படத்தையும் வரைந்தால் என்ன?

இப்படித்தான் 1960-களின் தொடக்கத்தில் ஓவியர் கைவினைச் சங்கம் உருவாயிற்று. அவர்கள் செய்த பொருள்களுள் முதன்மையானது பாத்திக் துணி. தோல் வேலை, உலோக வேலை, மட்பாண்டம் எல்லாம் உண்டு. ஆனால் காசு கொண்டுவந்தது பெரும்பாலும் பாத்திக்கே.

பாத்திக் எப்படிச் செய்வது என்பதை விளக்குகிறேன். சாயப்பட்டறை நிறைந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது எளிதில் பிடிபடும். சாவகத் தீவில் நெடுங்காலமாகச் சிறந்து விளங்கும் முறை இது. சாயம் எங்கே ஏறக் கூடாதோ அங்கே உருக்கிய மெழுகைப் பூசிவிடுவது, அவ்வளவுதான் அடிப்படை. முதலில் வெள்ளைப் பருத்தித் துணியை நன்றாக அலசிக் கஞ்சியைப் போக்க வேண்டும். வெள்ளையாகவே இருக்க வேண்டிய பகுதிகளில் சூடான மெழுகைத் தூரிகையால் தீட்ட வேண்டும். பிறகு மஞ்சள் சாயத்தில் முக்கி எடுத்து உலர்த்தினால், மெழுகு பட்ட இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் இருக்கும். இப்போது மஞ்சளாகவே இருக்க வேண்டிய இடங்களில் மெழுகைத் தீட்டிச் சிவப்பில் முக்க வேண்டும். இப்படி இளம் நிறத்திலிருந்து அடர்ந்த நிறத்துக்குப் படிப்படியாகப் போக வேண்டும். தலைகீழாகப் போக முடியாது. கறுப்பின்மேல் மஞ்சள் ஏறாது அல்லவா? கடைசியில் கொதிநீரில் போட்டால் மெழுகு உருகி மேலே மிதந்துவிடும். துணியில் படம் நிற்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சுடுநீர்ச் சாயம் போட்டால் மெழுகு உருகிப் போகும். ஆகவே குளிர்ந்த நீரிலேயே பிடிக்கும் சாயங்களைத்தான் பயன்படுத்த வேண்டும். மெழுகிலும் கலவை உண்டு. தேன்மெழுகு துணியோடு இறுகப் பற்றும், வெடிக்காது. பாரபின் மெழுகு எளிதில் விரிசல் விடும். விரிசலுக்குள் சாயம் புகுந்து, சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள் துணியெங்கும் ஓடும். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. நம் பட்டறைக்காரர் யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார். இங்கே ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் ஷேடு இம்மி மாறினாலும் சரக்குத் திரும்பி வந்துவிடும். ஒரு பீஸுக்கு ஒரு பீஸ் வேறுபட்டால் தொழிலே போயிற்று. பாத்திக்கிலோ விரிசல்தான் அழகு. எந்த இரண்டு துண்டும் ஒன்றுபோல் இருக்காது. அதனால்தான் அதற்கு விலை. ஒரே சாயம், ஒரே பருத்தி. ஆயினும் ஒன்று ஆயிரக்கணக்கில் ஒன்றுபோல் இருப்பதால் விலை போகிறது, மற்றொன்று வேறெங்கும் இல்லாததால் விலை போகிறது. எது உயர்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பல லட்சம் குடும்பங்களுக்குச் சோறு போடுவது முதலாவதுதான்.

அந்தத் துணிகள் விற்ற பணத்தைக் கொண்டு என்ன செய்தார்கள் தெரியுமா? நிலம் வாங்கினார்கள்! சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில், ஏறத்தாழ பத்து ஏக்கர். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் வரிசையாகப் பறக்கும் இடம் அது. அன்று மணலும் சவுக்கும் தாழையுமாகக் கிடந்தது. பேருந்து அரிது. விளக்கு இல்லை. 1966-இல் அங்கே ஓவியர் கிராமம் ஒன்றை நிறுவி, பண்டைச் சோழமண்டலத்தின் நினைவாகச் சோழமண்டலம் என்றே பெயர் வைத்தார்கள். ஆங்கிலேயர் நாக்கில் கோரமண்டலம் என்று திரிந்துபோன சொல்லை அதன் பழைய உருவிலேயே மீட்டு வைத்தது எனக்குத் தனி மகிழ்ச்சி.

முதலில் எளிய கொட்டகைகள். பிறகு ஒவ்வொருவராகத் தம் சேமிப்பைக் கொண்டு சிறு வீடு. பகலில் ஒரு பகுதி நேரம் கைவினை. மீதி நேரம் தம் தம் ஓவியமும் சிற்பமும். இதற்கு அரசாங்கத்தின் கட்டளையும் இல்லை. எந்தச் செல்வரின் அறக்கட்டளையும் இல்லை. மாணவர்களும் ஆசிரியரும் தம் கை உழைப்பில் அமைத்துக்கொண்ட ஊர். பார்பிசோனுக்குக் கிட்டாத ஒன்று இதற்குக் கிடைத்தது. மண் அவர்களுக்கே சொந்தம்! மிலே வாழ்நாள் முழுதும் வாடகை வீட்டில் இருந்தவர்.

அங்கே வாழ்ந்தவர்களும் பங்கேற்றவர்களுமான கலைஞர்களின் பெயர்கள் நீளமானவை. பி. வி. ஜானகிராம் தகட்டு உலோகத்தை வெட்டி, தட்டி, பற்றவைத்துச் சிற்பம் செய்தவர்; பிள்ளையாரும் செய்தார், கிறிஸ்துவும் செய்தார். எஸ். பரமசிவம், எம். சேனாதிபதி, ஜெ. சுல்தான் அலி, எஸ். ஜி. வாசுதேவ், கே. வி. ஹரிதாசன் ஆகியோர் ஓவியத்தில் ஆளுக்கொரு வழி கண்டார்கள். நம் மாணவியருக்காகப் பெண்களின் பெயர்களையும் சொல்ல வேண்டும். அனிலா ஜேக்கப் சிற்பி. கல்லும் உலோகமும் ஆண்களின் வேலை என்று பேசிக்கொண்டிருந்த நாளில் அவர் உளியை எடுத்தார். அர்ணவாஸ் பார்சி குடும்பத்துப் பெண். 1988-இல் மறையும்வரை ஓவியம், பாத்திக், உலோக வேலை என்று பலவும் செய்தார். பொன்னானிப் பக்கத்திலிருந்தே வந்த டி. கே. பத்மினி, பணிக்கரின் மாணவிகளுள் மிகவும் கூர்மையானவர். 1969-இல், முப்பது வயது நிறையும் முன்பே, பிரசவத்தில் காலமானார். குறுகிய காலத்தில் அவர் வரைந்து வைத்த பெண்களின் முகங்களை இன்று பார்த்தாலும் அவை நம்மை நேராகப் பார்க்கின்றன.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது. கே. ராமானுஜம் என்ற இளைஞர். பேச்சும் பழக்கமும் மற்றவர்போல் வராது. ஊரார் கேலி செய்வார்கள். ஆனால் கனவுலகத்துக் கோட்டைகளையும் யாளிகளையும் பறக்கும் பாம்புகளையும் நுணுக்கமான கோடுகளில் அவர்போல் வரைந்தவர் தமிழ்நாட்டில் இல்லை. அவருக்கு இடம் கொடுத்தது சோழமண்டலம்தான். இருந்தும் 1973-இல் இளமையிலேயே அவர் மறைந்தார். தஞ்சம் கொடுத்த ஊரும் அவருடைய தனிமையை முழுதும் போக்க முடியவில்லை. வேறு சிலர் ஊரை விட்டே போனார்கள். வி. விசுவநாதனும் அக்கித்தம் நாராயணனும் 1960-களின் கடைசியில் பாரிசுக்குச் சென்று அங்கேயே தங்கிப் பெயர் பெற்றார்கள். கைவினைப் பொருளுக்கு நேரம் கொடுத்தால் ஓவியம் நலியும் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அதில் சிறிது உண்மை இருக்கலாம். எனினும் தந்தி அலுவலகத்தில் நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் வரைவதைக் காட்டிலும், பகலில் துணியில் வரைந்துவிட்டு மாலையில் சட்டத்தில் வரைவது மேல் என்பதைப் பணிக்கர் தம் அனுபவத்திலேயே அறிந்தவர் அல்லவா?

இனி, முன்பு பாதியில் விட்ட செய்திக்கு வருகிறேன். 1963 வாக்கில் ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் புத்தகம் பணிக்கரின் கண்ணில் பட்டது. எண்கள், ஆங்கில எழுத்துகள், சமன்பாடுகள், வடிவக் கணித உருவங்கள், நடுநடுவே அடித்தல் திருத்தல். நமக்கு அதைப் பார்த்தால் மதிப்பெண் பயம் வரும். அவருக்கோ அந்தப் பக்கம் ஓர் ஓவியமாகத் தெரிந்தது! பொருளை மறந்துவிட்டுப் பார்த்தால், எழுத்தும் எண்ணும் எவ்வளவு அழகிய கோடுகள்! அன்று தொடங்கிய ஓவிய வரிசைக்குச் 'சொற்களும் குறியீடுகளும்' என்று பெயர். இறுதிவரை அவர் அதிலேயே இருந்தார்.

முதலில் கணக்குக் குறிகள். பிறகு அவை விலகி, மலையாள எழுத்தைப் போன்ற சுழிகளும், சாதகக் கட்டமும், கிரகக் குறிகளும், ஊடே ஒரு பறவை, ஒரு மீன், ஒரு பாம்பு, நின்றுகொண்டிருக்கும் ஒரு மனித உருவமும் வந்தன. பழைய ஓலைச் சுவடியைப் பார்க்கிறோமோ, சாதகம் கணிப்பவரின் ஏட்டைப் பார்க்கிறோமோ என்ற மயக்கம் உண்டாகும். அந்த எழுத்துகளைப் படிக்க முயலாதீர்கள். அவை எந்தச் சொல்லையும் சொல்லவில்லை. எழுத்துப்போல் இருக்கும், எழுத்து அல்ல. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, கோயில் சுவரில் உள்ள கல்வெட்டைத் தொட்டுக் கும்பிடுவதை எண்ணிப் பாருங்கள். அவருக்கு அந்த எழுத்து ஒரு செய்தியைத் தரவில்லை. ஆனால் எதுவும் தரவில்லை என்று சொல்ல முடியுமா? பணிக்கரின் படத்தின் முன் நாமும் அப்படித்தான் நிற்கிறோம்.

இந்தப் படங்கள் எல்லார்க்கும் பிடிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். மலபார் நீர்வண்ணப் படங்களைப் பார்த்து மகிழும் பலர், இவற்றைப் பார்த்து, "இது என்ன கிறுக்கல்?" என்று கேட்பார்கள். என் மனத்துக்கும் அந்த நீர்வண்ணங்கள்தான் நெருக்கம். ஆனால் பாரிசின் நகலும் வேண்டாம், அஜந்தாவின் நகலும் வேண்டாம் என்று தேடியவருக்கு, விடை நம் வீட்டு அலமாரியில் மஞ்சள் தடவி வைத்திருக்கும் சாதக நோட்டிலும், பிள்ளையின் கணக்கு நோட்டிலும் கிடைத்தது என்பது வியப்புக்குரியதுதான். உலக அரங்கில் சென்னை ஓவியத்துக்கு ஒரு தனி முகம் கிடைத்தது இந்த வரிசையால்தான்.

1976-இல் லலித் கலா அகாதெமி அவரைத் தன் சிறப்பு உறுப்பினராக்கிக் கௌரவித்தது. அடுத்த ஆண்டு, 1977 சனவரியில், அவர் சென்னையில் காலமானார். அவருடைய ஓவியங்களுக்கென்றே திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் ஒரு தனிக் கூடம் இருக்கிறது. நீர்வண்ணக் காலத்திலிருந்து சொற்களும் குறியீடுகளும் வரை வரிசையாக அங்கே காணலாம். மகன் எஸ். நந்தகோபால் செம்பிலும் பித்தளையிலும் புகழ் பெற்ற சிற்பியாகி, சோழமண்டலத்திலேயே வாழ்ந்து 2017-இல் மறைந்தார்.

சோழமண்டலம் இன்றும் இருக்கிறது. 2009-இல் அங்கே சென்னை ஓவிய இயக்கத்துக்கென ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். சென்னைக்குச் சுற்றுலா போகும் பள்ளிக் குழுக்கள் மாமல்லபுரம் போகிற வழியில் முதலைப் பண்ணையில் மட்டும் இறங்குகின்றன. அதற்கு வெகு முன்பே, ஈஞ்சம்பாக்கத்தில் இடப் பக்கம் மரங்கள் அடர்ந்த ஒரு வாசல் வரும். அங்கே ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லலாம். வெளியில் நிற்கும் கல் சிற்பங்களைச் சுற்றி வந்துவிட்டு உள்ளே போனால், பணிக்கரும் ஜானகிராமும் ராமானுஜமும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள்.

பணிக்கர் தலைமை வகித்த பள்ளி, சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி என்ற பெயரில், பெரியார் சாலையில் அதே பழைய செங்கல் கட்டடங்களோடு நடைபெற்று வருகிறது. மேல்நிலைத் தேர்வு எழுதிய மாணவியர் அங்கே இளங்கலைப் பட்டப் படிப்பில் சேரலாம். மதிப்பெண் மட்டும் போதாது. நேரில் வரைந்து காட்டும் தேர்வும் உண்டு. ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு துணி வடிவமைப்புக்கும் அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. "சோறு வருமா?" என்று கேட்கும் பெற்றோர், நம் ஊர்ப் பனியன் கம்பெனிகளில் பிரிண்டிங்குக்கு டிசைன் போடுபவர்களின் சம்பளத்தையும் ஒருமுறை விசாரித்துவிட்டு வந்து அந்த விண்ணப்பப் படிவத்தைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.